மார்கழிப் பனியும் கோழிக்குஞ்சும்

சென்ற மார்கழியில் நம் அறக்கட்டளை ஆறு வீடுகளுக்கு, வீட்டுக்கு 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொடுத்தது. பொரித்து மூன்றே நாளான குஞ்சுகள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மூன்று வீடுகளில் பாதிகூட மிஞ்சவில்லை. ஒரு வீட்டில் இரண்டே இரண்டு. “சீக்கு வந்துட்டுதுங்க பாய்” என்று சொன்ன அந்தத் தாய்மார்கள், ஏதோ தாங்கள் குற்றம் செய்தது போலக் கூசி நின்றார்கள். உட்கார்ந்து விசாரித்ததில் சீக்கு அல்ல, குளிர்தான் என்று புரிந்தது. தவறு அவர்களுடையது அல்ல. தாய்க்கோழி இல்லாத குஞ்சைப் பனிக்காலத்தில் கையில் கொடுத்துவிட்டு, எப்படிக் காப்பது என்று சொல்லாமல் வந்தவர்கள் நாம். நீங்கள் நம்பிக் கொடுத்த ஜகாத் பணம் அது. அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம்.

ஏரியூர்ப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் சில நாள் வெப்பம் 17 டிகிரி வரை இறங்கிவிடும். நாகமரைப் பக்கம் தண்ணீரை ஒட்டிய வீடுகளில் விடியற்காலைப் பனி இன்னும் கனமாக இருக்கும். வளர்ந்த கோழிக்கு இது ஒன்றுமே இல்லை. அதன் உடல் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. மேலே இறகுப் போர்வை. நனையாமலும் வாடைக்காற்று நேரே அடிக்காமலும் இருந்தால் போதும். காஷ்மீரில் பனி கொட்டும் ஊர்களிலும் வீட்டுக்கோழி வளர்க்கத்தான் செய்கிறார்கள். பொரித்த குஞ்சின் கதை வேறு. அதற்கு இருப்பது வெறும் பஞ்சு மயிர். தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் அதற்கு 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க்கோழியின் இறக்கைக்குள் இருக்கும் குஞ்சுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. தாய் இல்லாத குஞ்சுக்கு நாம்தான் தாய்.

ஒரு வீட்டில், “பல்பு போட்டுத்தான் வச்சிருந்தோம்” என்றார்கள். பார்த்தால் எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்று கணக்கு வைத்தால் 20 குஞ்சுக்கு 40 வாட் வரும். மார்கழிக்கு 60 வாட்டாகவே போடுங்கள். அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து வேலி போல் நிறுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பது மூச்சுமுட்டிச் சாகும். கீழே உமியோ நிலக்கடலைத் தோலோ இரண்டு அங்குலம் பரப்பி, முதல் மூன்று நாள் மட்டும் அதன்மேல் செய்தித்தாள் விரியுங்கள். இல்லாவிட்டால் உமியைத் தின்றுவிடும். பல்பைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், கம்பியால் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். மின்வயரை மட்டும் நம்ப வேண்டாம். அறுந்து உமியில் விழுந்தால் கூரை வீடு என்ன ஆகும்?

சூடு சரியா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. குஞ்சுகள் பல்பின் அடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது. பல்பைக் கொஞ்சம் இறக்குங்கள். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாப் பக்கமும் பரவிப் படுத்திருந்தால் சரி. இஷாவுக்குப் பிறகு ஒரு முறை, பஜ்ருக்கு எழும்போது ஒரு முறை கட்டாயம் பாருங்கள். அதிகம் இறப்பது பஜ்ருக்கு முந்தைய நேரத்தில்தான். மின்சாரம் போய்விட்டால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்கில் சுற்றி நடுவில் வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து வையுங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே வேண்டாம். அந்தப் புகை குஞ்சை மட்டுமல்ல, அதே அறையில் படுக்கும் பிள்ளைகளையும் கொன்றுவிடும்.

குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கி மூடுவது இன்னொரு தவறு. எச்சமும் ஈரமும் சேர்ந்து அம்மோனியா வாடை கிளம்பும். நீங்கள் குனிந்து பார்க்கும்போது கண் எரிந்தால், அதே காற்றைக் குஞ்சு இரவெல்லாம் சுவாசிக்கிறது என்று பொருள். கீழ்ப்பக்கம் மூடி, காற்று அடிக்காத திசையில் மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள். ஈரமான உமியை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

தீனிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கேழ்வரகு, கம்பு நொய், கிடைத்தால் கரையான். முதல் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து வைக்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் நோய் தனி விஷயம். ராணிகேத் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உத்தரகாண்டில் உள்ள ஒரு மலையூரின் பெயர் அது. இதற்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்துக்குப் பின் இறக்கையில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவசமாக ஊசி போடும் முகாம் நடத்துகிறது. தவற விடாதீர்கள்.

அரசின் நாட்டுக்கோழித் திட்டத்தில் பெண்களுக்கு 50 விழுக்காடு மானியத்தில் 40 குஞ்சுகள் கொடுத்தபோது, நான்கு வாரம் வளர்ந்த குஞ்சுகளாகவே கொடுத்தார்கள். அதன் காரணம் நமக்கு இப்போதுதான் உறைத்தது. ஆகவே இந்த ஆண்டு முதல் நம் அறக்கட்டளை மார்கழி, தை மாதங்களில் குஞ்சு கொடுக்காது. மாசி பிறந்த பிறகு, நான்கு வாரக் குஞ்சுகளாக வாங்கிக் கொடுப்போம். சென்ற ஆண்டு குஞ்சுகளை இழந்த மூன்று வீடுகளுக்கே முதலில். பனிக்காலத்திலேயே வளர்க்க விரும்பும் சகோதரிகள் வீட்டில் அடைக்கோழி இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள், பத்து முட்டை தருகிறோம். குண்டு பல்பும் ஹோல்டரும் கேட்பவர்களுக்கு அவற்றையும் சேர்த்தே தருவோம், இன்ஷா அல்லாஹ்.