ஓப்பநாயக்கவில் வீடு பார்க்கிறீர்களா?

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் நடுவில் இருக்கிறது ஓப்பநாயக்க. இங்கே வீட்டை வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; ஒரு தடவையாவது அடைமழையில் போய்ப் பாருங்கள். சுவரின் அடியில் பாசி, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம், கூரைத் தகரத்தில் துரு இருந்தால், குறைந்த வாடகை பிறகு மருந்துச் செலவாகும். மழைநாளில் விறகு காயாது. கேஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் வாடகை மலிவு. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கிளினிக், கடை எல்லாவற்றுக்கும் பிரதான வீதிக்கு இறங்க வேண்டும். ஒரு மாத ஆட்டோக் காசைக் கூட்டிப் பார்த்தால் வீதியோர வீடே சில வேளை இலாபம்.

உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும். குளிர்ச்சிக்காக மேலே ஏறும்போது சரிவைக் கவனியுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர் ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்தாலே விழிப்பாக இருக்க வேண்டும்.

காணி வாங்குவதென்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.