வினாகிரியில் ஊறும் வெங்காயம்

கட்டுகஸ்தோட்டையில் இரண்டு பெருவீதிகள் கூடுகின்றன. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 ஒன்று. இங்கிருந்தே தொடங்கி, குருநாகல் ஊடாகப் புத்தளம் போகும் ஏ10 மற்றது. ஆகவே தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயம், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம், கற்பிட்டி மணல் நிலத்துச் சின்ன வெங்காயம் ஆகிய மூன்றுக்கும் நமது ஊர் ஒரு வாசல்.

வாசலில் இருந்தாலும் விலை நம் கையில் இல்லை. சிறுபோக அறுவடை வரும் ஓகஸ்ட், செப்டெம்பரில் பெரிய வெங்காயத்தின் விலை விழும். விளைவித்தவர் கண்ணீர் விடுவார். பிறகு இந்திய இறக்குமதியை நம்ப வேண்டும். 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து, 2024 மே மாதத்தில்தான் அத்தடையை நீக்கியது. அக்காலத்தில் இங்கே விலை எகிறியதை நம் தாய்மார் மறந்திருக்கமாட்டார்கள். மலிவாகக் கிடைக்கும்போது ஐந்து கிலோ வாங்கி வைக்கலாம் என்றால், மலைநாட்டு மழைக்காலத்து ஈரத்தில் அது முளைவிடும், அழுகும். அப்போதுதான் “அச்சாறு போட்டு வைப்போமே” என்ற யோசனை வருகிறது.

யோசனை நல்லது. ஆனால் அச்சாறு என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாதக்கணக்கில் வைத்திருப்பதற்காகப் பக்குவம் செய்வது. மற்றது, இன்று ஊறவைத்து நாளை உண்பது. இப்பாடம் இரண்டாவதைப் பற்றியது. இதை முதலாவதென்று எண்ணி அலுமாரியில் வைத்துவிடுவதால்தான் ஆபத்து வருகிறது.

புளிப்பில் ஊறிய வெங்காயம் நமக்குப் புதிதல்ல. மலாய் மக்களின் அச்சாற்றில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் பேரீச்சம்பழமும் அரைத்த கடுகும் சேரும். புரியாணியோடு அதைச் சுவைக்காதவர் கண்டிப் பக்கத்தில் குறைவு. வினாகிரி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. தமிழ்நாட்டில் அதைக் காடி என்பர்.

செய்முறைக்கு வருவோம். கால் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்துக் கழுவி, மெல்லிய வளையங்களாக வெட்டுங்கள். பெரிய வெங்காயமும் ஆகும். ஆனால் சின்ன வெங்காயத்துக்குக் காரமும் நிறமும் கூட. ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறி, கால் மணி நேரம் விட்டால் தண்ணீர் விட்டு வாடும், காரமும் தணியும். அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சுத்தமான ஒரு கண்ணாடிப் போத்தலைப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்து, அது சூடாக இருக்கும்போதே வெங்காயத்தை நிரப்புங்கள். ஒரு கோப்பை வினாகிரி, அரைக் கோப்பை தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, நாலைந்து மிளகு, ஒரு சிறு துண்டு கறுவா ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, வெங்காயம் மூழ்கும்படி ஊற்றுங்கள். விரும்பினால் கீறிய பச்சைமிளகாய் இரண்டு போடலாம். குளிர்ந்த போத்தலில் கொதிநீர் பட்டால் வெடிக்கும், கவனம். ஆறியதும் மூடுங்கள். அரை மணி நேரத்தில் உண்ணலாம். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். வெங்காயத்தின் செந்நிறம் புளிப்பில் துலங்கி, தண்ணீர் முழுவதும் இளஞ்சிவப்பாகும். அலுமினியச் சட்டியில் வினாகிரியைக் காய்ச்சவேண்டாம்; புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரம் போதும்.

தண்ணீரின் அளவு வினாகிரியை ஒருபோதும் மிஞ்சக்கூடாது. ஏன் இந்தக் கண்டிப்பு? வெங்காயம் மண்ணுக்குள் விளைவது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் வித்துகள் சாதாரணச் சமையல் சூட்டில் சாவதில்லை. காற்றுப் படாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் அவை முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். 1983 இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் 28 பேர் இந்நஞ்சால் வைத்தியசாலை சேர்ந்தனர். அவர்கள் உண்டது மார்ஜரீனில் வதக்கி, நீண்டநேரம் இளஞ்சூட்டில் வைத்திருந்த வெங்காயம். புளிப்பை அளக்கும் பீ.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த நுண்ணுயிர் வளராது. நம் போத்தலில் காவலாக நிற்பது வினாகிரிதான். அதை நீர்த்துப்போகச் செய்வது காவலாளியைத் தூங்கவைப்பது போல.

ஆகையால் வினாகிரியை விசாரித்து வாங்குங்கள். தென்னங்கள்ளுப் புளித்து உண்டாகும் வினாகிரி உண்டு. அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்யும் செயற்கை வினாகிரியும் உண்டு. முன்னையதன் மணமும் சுவையும் என் கணக்கில் மேல். எனினும் அமிலம் நூற்றுக்கு 4 பங்கேனும் இருந்தால் இரண்டும் இவ்வேலைக்கு ஆகும். லேபல் இல்லாத போத்தலை மட்டும் மலிவென்று வாங்காதீர்கள். அதன் புளிப்பை நாக்கால் அளக்க முடியாது. கடும் அசற்றிக் அமிலத்தை வாங்கி வீட்டில் கலப்பது இன்னும் மோசம். அது கண்ணையும் தொண்டையையும் எரித்துவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் வரவே கூடாத பொருள்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் இரண்டு கிழமைக்குள் உண்டு முடிக்கலாம். நம் லயன்களிலும் சிறு வீடுகளிலும் அது இல்லாதோர் பலர். அவர்கள் ஐந்தாறு வெங்காயத்தை மட்டும் காலையில் ஊறவைத்து, அன்றைக்கே முடிப்பது நல்லது. எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்கட்டும். நுரை, வழுவழுப்பு, பூஞ்சணம் கண்டால் மேற்புறத்தை மட்டும் வழித்துவிட்டு உண்ணாமல், முழுவதையும் எறியுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நீரைப் பிழிந்துவிட்டுக் கொஞ்சமாக எடுக்கட்டும்; வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

சில மாதர் சங்கங்கள் இதைப் போத்தலில் அடைத்து விற்க விரும்புகின்றன. இந்த முறையில் செய்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. விற்பதற்கு வேறு செய்முறை, புளிப்பைச் சோதித்த சான்று, திகதியிட்ட லேபல் எல்லாம் வேண்டும். முதலில் உங்கள் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துப் பேசுங்கள்.

அடுத்த குழுக்கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள வினாகிரிப் போத்தலை எடுத்து வாருங்கள். லேபலை உரக்க வாசியுங்கள். அமில அளவு எத்தனை போத்தலில் இருக்கிறது, எத்தனையில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பெரிய வெங்காயத்தில் ஒரு போத்தலும் சின்ன வெங்காயத்தில் ஒரு போத்தலும் அங்கேயே செய்து, பாணோடு சுவைத்துப் பாருங்கள்.