பொம்மையில் செத்த பேட்டரி கடிகாரத்தில் பிழைப்பதேன்?

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டின் எல்லையிலிருந்து ஆந்திரத்துக்குள் நீண்டு கிடப்பது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் கரையிலும் முகத்துவாரத்தை ஒட்டியும் கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என மீனவர் ஊர்கள் பல உள்ளன. அங்கே ஒரு வீட்டில் எத்தனை மின்கலங்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சுவர்க்கடிகாரத்தில் ஒன்று, தொலைக்காட்சி ரிமோட்டில் இரண்டு, வானொலிப் பெட்டியில் இரண்டு. விடியுமுன் வலை எடுக்கப் போகிறவர் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கில் மூன்று. சின்னவனின் பொம்மைக் காரில் இரண்டு. தங்கையின் மின்னும் வளையலில், கண்ணுக்குத் தெரியாமல், பொட்டுப் போல இரண்டோ மூன்றோ.

இவ்வீடுகளில் எல்லாரும் அறிந்த ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக் கார் நின்றுவிட்டால் அதிலுள்ள பேட்டரிக் கட்டையை எறிவதில்லை. எடுத்துக் கடிகாரத்தில் போடுகிறார்கள். அது இரண்டு மூன்று மாதம் ஓடுகிறது. அப்படியானால் அந்தக் கட்டை தீர்ந்துபோனதா, தீரவில்லையா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், எந்தக் கருவிக்கு எந்த மின்கலம் வாங்குவது என்பதும் தானே விளங்கிவிடும்.

முதலில் கட்டையின் உள்ளே பார்ப்போம். 1866-இல் பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சி ஒரு கண்ணாடிச் சாடியில் நவச்சாரக் கரைசலை ஊற்றி, அதில் துத்தநாகத் தண்டு ஒன்றையும், மாங்கனீசு டை ஆக்சைடு சூழ்ந்த கரித்தண்டு ஒன்றையும் வைத்து மின்கலம் செய்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் அதே நவச்சாரம்தான். வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. சாடியைச் சாய்த்தால் கொட்டிவிடும். 1886-இல் ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் கரைசலைப் பசையாக்கி, துத்தநாகத்தையே கிண்ணமாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தார். உலர் மின்கலம் பிறந்தது. உலர் என்பது பெயருக்குத்தான். உள்ளே ஈரம் முற்றிலும் வற்றினால் கலம் வேலை செய்யாது. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் கட்டை இதன் வழிவந்ததே. (இதைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு வரும் வழியிலுள்ள திருவொற்றியூரில் எவரெடி ஆலை நெடுங்காலம் இயங்கியது. நிப்போ மின்கலங்கள் செய்யும் ஆலையோ ஏரிக்கு மேற்கே தடாவில் அமைந்தது.)

கட்டையின் துத்தநாகக் கிண்ணம் வெறும் உறையன்று, அதுவே எதிர்மின்வாய். மின்னோட்டம் பாயும்போதெல்லாம் கிண்ணம் கரைகிறது. கரிக்குச்சியைச் சுற்றியுள்ள மாங்கனீசு டை ஆக்சைடும் மெல்ல வேறு சேர்மமாக மாறுகிறது. வினையில் விளைந்த பொருள்கள் அயனிகள் போகும் வழியை அடைக்கின்றன, பசையும் காய்கிறது. ஆகவே கலம் பழசாகும்போது இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. மின்னியக்கு விசை சிறிது குறைகிறது. அகமின்தடை பெரிதும் கூடுகிறது. நம் புதிருக்கு விடை இந்த இரண்டாவது மாற்றத்தில்தான் இருக்கிறது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு வோல்ட்மீட்டரும் 5 ஓம் மின்தடை ஒன்றும் போதும். புதுக் கட்டையின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டரை மட்டும் இணையுங்கள். 1.55 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 5 ஓம் தடையையும் குறுக்கே இணைத்தால் 1.45 ஆகிறது. தடையில் ஓடும் மின்னோட்டம் 1.45 ÷ 5 = 0.29 ஆம்பியர். உள்ளே தொலைந்தது 0.10 வோல்ட். எனவே அகமின்தடை 0.10 ÷ 0.29, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓம்.

பொம்மையில் நின்றுபோன கட்டையை அடுத்து எடுங்கள். தனியே அளந்தால் 1.30 வோல்ட், பரவாயில்லையே என்று தோன்றும். தடையை இணைத்தவுடன் 0.80-க்கு விழுகிறது. மின்னோட்டம் 0.16 ஆம்பியர், தொலைந்தது 0.50 வோல்ட், அகமின்தடை 3.1 ஓம்! வெளித் தோற்றத்தில் கால் வோல்ட்டுதான் குறைந்திருக்கிறது. அகமின்தடையோ ஒன்பது மடங்கு. வெறும் வோல்ட்மீட்டரை மட்டும் வைத்து ஒரு கட்டை நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. (தடையைச் சில நொடிகளுக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள். கட்டை வீணாகும்; அளவும் மாறிக்கொண்டே போகும்.)

பொம்மை மோட்டார் ஓட ஏறத்தாழ அரை ஆம்பியர் வேண்டும். 3.1 ஓம் உள்ள கட்டையில் அரை ஆம்பியர் பாய்ந்தால் உள்ளேயே 1.55 வோல்ட் தொலைய வேண்டும். கட்டையிடம் இருப்பதோ 1.30. கார் எப்படி நகரும்? குவார்ட்ஸ் கடிகாரமோ சராசரியாக ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான் கேட்கிறது. அதற்கு உள்ளே தொலைவது ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. கடிகாரத்துக்கு அது இருப்பதே தெரியாது. பழைய கட்டையில் 200 மில்லி ஆம்பியர் மணி எஞ்சியிருந்தால் 2000 மணி நேரம், அதாவது 83 நாள் கடிகாரம் ஓடும். பாட்டியம்மாவின் வழக்கம் முற்றிலும் சரி.

ஆகவே கட்டை வாங்கப் போகும்போது "எது நல்ல கட்டை?" என்று கேட்பதைவிட, "என் கருவி எவ்வளவு மின்னோட்டம் கேட்கும்?" என்று கேட்பதே பயன் தரும். கடிகாரம், ரிமோட் ஆகியவற்றுக்கு மலிவான துத்தநாகக் கரிக் கட்டை போதும். மிதமான ஒலியில் வைத்தால் வானொலிக்கும் அதுவே போதும். மோட்டார் உள்ள பொம்மைக்கு அதைப் போடுவது காசைக் கரியாக்குவதுதான். அங்கே காரக் கலம் வேண்டும்.

காரக் கலம் 1950-களில் லூயிஸ் அர்ரி என்ற கனடா நாட்டுப் பொறியாளரின் உழைப்பால் சந்தைக்கு வந்தது. இதில் எல்லாம் தலைகீழ். துத்தநாகம் தூளாக நடுவில் இருக்கும், மாங்கனீசு டை ஆக்சைடு வெளிப்புறத்தில், உறை எஃகு. நவச்சாரத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தூளுக்குப் புறப்பரப்பு மிகுதி. ஆகவே அகமின்தடை குறைவு. விலை இரண்டு மூன்று மடங்கு இருந்தாலும் மோட்டார் பொம்மையில் அதற்கும் மேலாகவே உழைக்கும். கடிகாரத்தில் அந்த அளவு ஆதாயம் இல்லை. நாள்தோறும் பொம்மை ஓட்டுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் உலோக ஹைட்ரைடு கலமே சிக்கனம். அது 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம். அதன் அகமின்தடை மிகக் குறைவு என்பதால் மின்னோட்டம் பாயும்போதும் அந்த 1.2 கீழே இறங்குவதில்லை.

கட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள். ஆர்20 என்றால் பெரிய கட்டை. ஆர்6 என்றால் டபுள் ஏ. ஆர்03 என்றால் டிரிபிள் ஏ. முன்னால் 'எல்' சேர்ந்து எல்ஆர்6 என்றிருந்தால் அது காரக் கலம். உறையின் பொன்னிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

இனி, படகில் போகும் விளக்கைப் பற்றி. முகத்துவாரத்தில் இரவில் விளக்கு அணைந்துபோவது விளையாட்டில்லை. வெள்ளை எல்.இ.டி. ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. அதனால்தான் தலைவிளக்குகளில் பெரும்பாலும் மூன்று கட்டைகள் தொடராக இருக்கின்றன. மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே கண்ட 3.1 ஓம் கட்டையை இரண்டு புதுக் கட்டைகளோடு தொடராகப் போட்டு, அரை ஆம்பியர் எடுப்பதாகக் கொள்ளுங்கள். பழைய கட்டையின் பங்கு 1.30 − 1.55 = −0.25 வோல்ட். அதாவது அது மின்சாரம் தருவதை விட்டு, மற்ற இரண்டும் தருவதைத் தின்கிறது! அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் உலோகத் துண்டை வைத்தாலே மின்னழுத்தம் கூடும். தீர்ந்த கலத்தின் வழியே இப்படி மின்னோட்டம் திணிக்கப்படும்போது உள்ளே வாயு உண்டாகி, கிண்ணம் பிதுங்கி, பசை ஒழுகும். எனவே மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுக. ஒரே வகை, ஒரே நாளில் வாங்கியவை.

ஏரிக்கரையில் இன்னொரு பகை உப்புக் காற்று. கருவியின் உள்ளிருக்கும் சுருள்வில் நிக்கல் பூசிய இரும்பு. அதன் மேல் உப்பும் ஈரமும் படிந்தால் துரு ஏறி, தொடுமிடத்தில் தடை கூடுகிறது. அகமின்தடையைப் போலவே இதுவும் மின்னழுத்தத்தைத் தின்னும். நல்ல கட்டையைக் கெட்டது என்று எறியும் வீடுகளில் பாதிக் குற்றம் இந்தத் துருவினுடையது என்பது என் எண்ணம். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் முனைகளைத் துடையுங்கள். ஒழுகிய காரக் கலத்தின் வெண்தூளை வெறுங்கையால் தொடாமல், சிறிது எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, பின் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உலர விடுங்கள்.

கட்டையை வெயிலில் காயவைப்பதையும் பல்லால் கடிப்பதையும் பற்றிக் கேட்பீர்கள். வெப்பத்தில் அயனிகள் விரைவாக நகர்கின்றன. ஓய்வில் அடைப்புகள் சற்று விலகுகின்றன. ஆகவே சிறிது நேரம் உயிர் வருவது உண்மைதான். ஆனால் வெப்பம் பசையை இன்னும் காயவைக்கும். கரைந்து மெலிந்த கிண்ணம் கடிபட்டால் உள்ளிருப்பது வாயில் வரும். கடிப்பது வேண்டாம்.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது, சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. சார்ஜ் செய்யும் விளக்குகள் ஓரிரு இரவுகளுக்கு மேல் தாங்கா. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் விளக்குக்கும் வானொலிக்கும் ஒரு தொகுதி காரக் கலங்களை உறை பிரிக்காமல் எடுத்துவைப்பது நன்று. அவை பல ஆண்டுகள் கெடா. அவற்றைக் கருவிக்குள் போட்டு வைக்காதீர்கள். குளிர்பெட்டியிலும் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் படியும்.

பொட்டுப் போன்ற பட்டன் கலங்களைக் கடைசியில் வைத்தேன். அவற்றின் செய்தி வேறு. மகிமை மாதா திருவிழாக் கடைகளில் விற்கும் மின்னும் பொம்மைகளில் இவை இருக்கும். சிஆர்2032 என்ற எண்ணைப் பாருங்கள்: சிஆர் என்பது லித்தியம் வகை, 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். ஒரு ரூபாய் நாணயம் அளவு, 3 வோல்ட். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தின் ஈரத்தில் உப்பு இருக்கிறது. உப்புநீரை மின்னாற்பகுத்தபோது எதிர்முனையில் என்ன கண்டீர்கள்? ஹைட்ரஜன் குமிழிகளும் ஹைட்ராக்சைடும். அதே வினை குழந்தையின் தொண்டையில் நடக்கிறது. எரிகாரம் தசையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் ஆகிவிடக்கூடும்.

பொம்மையில் மின்னாமல் போன கலமும் இதைச் செய்யும். நீரை மின்னாற்பகுக்க ஏறத்தாழ 1.23 வோல்ட் போதும். செத்ததென்று நாம் எறியும் சிஆர்2032-இல் 2 வோல்ட்டுக்கு மேலேயே எஞ்சியிருக்கும். கடிகாரத்தில் பிழைத்த கட்டையின் கதைதான் இதுவும்.

குழந்தை எச்சில் ஒழுக்கினாலோ, இருமினாலோ, உணவை மறுத்தாலோ, வீட்டில் ஒரு பட்டன் கலம் காணாமல் போயிருந்தாலோ, காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கச் செய்யவும் கூடாது. எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். படத்தில் நாணயம் ஒற்றை வளையமாகத் தெரியும். பட்டன் கலத்தின் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். "காசு விழுங்கிவிட்டான், தானே போய்விடும்" என்று யாரேனும் சொன்னால், கலமாகவும் இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். வாங்கும்போதே, கலம் இருக்கும் அறை திருகாணி போட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்கக்கூடிய பொம்மை வேண்டாம்.

தீர்ந்தவற்றை ஏரியில் எறியும் பழக்கமும் இருக்கிறது. துத்தநாகம் சிறிதளவில் உயிர்களுக்கு வேண்டியதே. மிகுந்தால் நீரில் வாழும் இளம் உயிர்களுக்கு நஞ்சு. இறால் குஞ்சு வளரும் ஏரி அது. அடுப்பிலும் போடாதீர்கள், வெடிக்கும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற கலங்களைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. உங்கள் ஊரில் அதற்கான பெட்டி வரும்வரை ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். பட்டன் கலங்களை மட்டும் இருபுறமும் ஒட்டுநாடாவால் சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில்.