பள்ளிக் காய்கறித் தோட்டம்: ஒரு சென்ட் நிலத்தின் கணக்கு

புனே மாநகரின் வடமேற்கு எல்லையில், மூளா ஆற்றங்கரையில், பழைய மும்பை – புனே சாலையை ஒட்டி அமைந்த பகுதி போபோடி. ஒருபுறம் கட்கி இராணுவக் குடியிருப்பு. ஆற்றுக்கு அப்பால் தாபோடி. நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த இத்தகைய நகர்ப்பகுதிகளில் தொடக்கப் பள்ளிக்கு விரிந்த நிலம் கிடைப்பது அரிது. பள்ளி ஒன்றுக்கு ஒரு சென்ட், அதாவது சுமார் 40 சதுர மீட்டர் நிலம் மட்டுமே கிடைக்குமானால், அங்கே காய்கறித் தோட்டம் அமைப்பதால் பயன் உண்டா? உண்டெனில் எவ்வளவு? ஆர்வத்தோடு தொடங்கும் தோட்டங்கள் நிலைபெற வேண்டுமாயின் இக்கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

பின்னணி

பள்ளித் தோட்டம் புதிய கருத்தன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு நடைபெற்றது. அதன் விளைவாக அமைந்த ஜாகிர் உசேன் குழு, ஆதாரக் கல்விக்குரிய கைத்தொழில்களுள் பழம், காய்கறித் தோட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தது.

தேசிய அளவிலான பள்ளி உணவுத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சமைத்த உணவே வழங்கப்பட வேண்டுமென 2001இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2019 அக்டோபரில் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நிலம் இல்லாத இடங்களில் தொட்டி, சாக்குப் பை, மொட்டைமாடி ஆகியவற்றையும் பயன்படுத்தலாம் என்பது அவற்றின் சிறப்பு. 2021 முதல் இவ்வுணவுத் திட்டம் ‘பி.எம். போஷன்’ என்னும் பெயரில் நடைபெறுகிறது. மராத்தியில் வீட்டுத் தோட்டத்தைக் குறிக்கும் ‘பரஸ்பாக்’ என்ற சொல்லே மகாராஷ்டிரப் பள்ளிகளிலும் வழங்குகிறது.

தேவையும் விளைச்சலும்

தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி என்பது உணவுத் திட்டத்தின் அளவு. 200 குழந்தைகள் பயிலும் பள்ளியில் இது நாளொன்றுக்கு 10 கிலோ. மாதத்திற்கு 22 வேலை நாள் எனக் கொண்டால் 220 கிலோ ஆகிறது.

ஒரு சென்டில் நடைபாதை போக 30 சதுர மீட்டர் பாத்தியாகக் கிடைக்கும். இதனை நான்காகப் பிரித்து, வாரம் ஒரு பாத்தி வீதம் விதைத்தால், நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும் முளைக்கீரை, வெந்தயக்கீரை போன்றவை தொடர்ந்து கிடைக்கும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ விளைவதாகக் கொண்டால் வாரத்திற்கு ஏழரைக் கிலோ; மாதத்திற்கு 30 கிலோ. மொத்தத் தேவையில் இது ஏழில் ஒரு பங்கே.

எனவே, தோட்டம் உணவுத் திட்டத்தின் காய்கறிச் செலவை ஈடுசெய்யும் என்று எண்ணுவது பிழை. தோட்டம் இருப்பதைக் காரணம் காட்டிக் காய்கறிக்கான தொகையைக் குறைத்தால், குழந்தையின் தட்டில் காய்கறி கூடுவதற்கு மாறாகக் குறையும். தோட்ட விளைச்சல் திட்ட அளவுக்கு மேற்பட்டதாகவே கணக்கிடப்பட வேண்டும்.

ஆயினும் அந்த ஏழரைக் கிலோ அற்பமன்று. வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 37 கிராம் கீரை கிடைக்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 67 விழுக்காட்டினர் இரத்தசோகைக்கு ஆளாகியுள்ளனர். அவர்களே சில ஆண்டுகளில் பள்ளிக்கு வருகின்றனர். கீரை ஒன்றே இதற்குத் தீர்வாகாது. ஆனால் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் தரும் கீரையை எலுமிச்சை, தக்காளியுடன் உண்ணும் பழக்கம் வாழ்நாள் முழுதும் துணை நிற்கும்.

பருவமும் நீரும்

புனேயின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறப்பதும் மழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒன்றாக நிகழ்வது நல்வாய்ப்பு. மழைக்காலத்தில் வெண்டை, கொத்தவரை, முளைக்கீரை. தீபாவளி விடுமுறைக்குப் பின் முள்ளங்கி, வெந்தயக்கீரை, பாலக், தக்காளி எனப் பயிர்களை வகுக்கலாம். வேலியோரம் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டால், கோடை விடுமுறையில் பாத்திகள் காய்ந்தாலும் அவை தாக்குப்பிடிக்கும்.

மழையற்ற நாட்களில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் எனக் கொண்டால் 30 சதுர மீட்டருக்கு 150 லிட்டர் நீர் தேவை. 200 குழந்தைகள் உண்டபின் கை கழுவ ஆளுக்கு ஒரு லிட்டர் செலவிட்டாலே 200 லிட்டர் கிடைக்கிறது. சோப்பு மிகாமல் பார்த்து அந்நீரை வாய்க்கால் வழி பாத்திக்குத் திருப்பலாம். கீரையின் மேல் தெளிக்காமல் வேரில் பாய்ச்ச வேண்டும். கழிவுநீர் கலந்த ஆற்றுநீர் கீரைக்கு ஆகவே ஆகாது. போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் பாத்தி அமைப்பதையும் தவிர்த்தல் நலம்.

சமையற்கூடம் பள்ளியில் இல்லையெனில்

நகரப் பள்ளிகள் பலவற்றுக்கு உணவு பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வருகிறது. அத்தகைய பள்ளியில் பறித்த கீரையை எங்கே சமைப்பது? பல தோட்டங்கள் இந்த இடத்தில்தான் பொருளிழந்து போகின்றன. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சமைக்காமல் உண்ணத்தக்க வெள்ளரி, முள்ளங்கி, தக்காளி ஆகியவற்றைப் பயிரிட்டு, நன்னீரில் கழுவி நறுக்கி, மராத்தி வீடுகளில் வழங்கும் ‘கோசிம்பிர்’ போல உணவோடு சேர்த்தல். இரண்டாவது, கீரையைக் கட்டுகளாக முறைவைத்து வீடுகளுக்கு அனுப்புதல். ஏழரைக் கிலோவைக் கால் கிலோக் கட்டுகளாக்கினால் வாரத்திற்கு 30 வீடுகள். ஏழு வாரத்தில் எல்லாக் குழந்தைகளின் வீடும் பயன்பெறும்.

பொறுப்பு யாருடையது?

தோட்டவேலை தண்டனையாகவோ, குறிப்பிட்ட சில மாணவரின் சுமையாகவோ ஆகிவிடலாகாது. ஆண், பெண் வேறுபாடின்றி எல்லா வகுப்பினரும் முறைவைத்து, வாரத்தில் ஒரு பாடவேளை மட்டும் ஈடுபடுவது போதும். பாத்தியின் பரப்பளவு, விதையின் எண்ணிக்கை, விளைச்சலின் எடை ஆகியவற்றைக் குழந்தைகளே ஏட்டில் குறித்தால் கணக்கும் அறிவியலும் கைவழி வரும்.

விதை, பயிற்சி ஆகியவற்றுக்கு வேளாண் அறிவியல் நிலையங்களையும் தோட்டக்கலைத் துறையையும் நாடலாம். புனே சிவாஜிநகரில் வேளாண் கல்லூரியும் உள்ளது. ஆசிரியர் ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பிய தோட்டம் அவர் மாற்றலாகும் நாளில் வாடிவிடும். பள்ளி மேலாண்மைக் குழு பொறுப்பேற்று, விடுமுறைக் காலப் பராமரிப்புக்கு ஒருவரை அமர்த்தி, சிறு தொகையை ஒதுக்க வேண்டும்.

ஒரு சென்ட் நிலம் ஒரு பள்ளியின் பசியைத் தீர்க்காது. வாரம் ஒரு நாள் கீரையையும், அதை விளைவிக்கும் அறிவையும் 200 குழந்தைகளுக்குத் தர அதனால் இயலும். அந்த அளவை உணர்ந்து திட்டமிடும் தோட்டமே ஆண்டுதோறும் நிலைத்து நிற்கும்.