சட்டத்தின் விளைவை முன்னரே மதிப்பிடுதல்

அரசுக்குச் செலவு உண்டாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்படும்பொழுது, அச்செலவை விளக்கும் நிதிக் குறிப்பு அதனுடன் இணைக்கப்படுகிறது. ஆனால் சட்டத்திற்குக் கீழ்ப்படிய மக்கள் ஏற்கும் செலவு அதில் இடம்பெறுவதில்லை. இக்குறையைப் போக்குவதே ஒழுங்குமுறை விளைவு மதிப்பீட்டின் நோக்கமாகும். அமெரிக்காவில் 1981-ஆம் ஆண்டின் அதிபர் ஆணை, முக்கிய விதிகளுக்கு இதனைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் 2014-இல் வகுக்கப்பட்ட சட்டமியற்றலுக்கு முந்திய கலந்தாய்வுக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கவும், வாழ்வு, சுற்றுச்சூழல், அடிப்படை உரிமைகள் ஆகியவற்றில் அது ஏற்படுத்தும் விளைவை விளக்கவும் கூறுகிறது. எனினும் இது சட்டமன்று. காரணத்தைப் பதிவு செய்துவிட்டு அமைச்சகம் கலந்தாய்வைத் தவிர்க்கலாம்.

தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் வழங்கும் எல்லைப்புறமான ராமகுப்பத்து உழவர், ஆங்கில வரைவிற்குக் கருத்துரைப்பது எங்ஙனம்? பாதிக்கப்படுவோரின் மொழியில் வரைவு ஊராட்சியை எட்டினாலன்றி மதிப்பீடு முழுமை பெறாது.