பள்ளி மேலாண்மைக் குழுவில் பொறுப்பை ஒப்படைத்தல்

குத்தகை முடிந்து நிலத்தை விட்டுச் செல்லும் உழவர், மடை எங்கே, மழைக்காலத்தில் வரப்பு உடையும் இடம் எது என்று அடுத்தவருக்குக் காட்டிவிட்டுச் செல்வதே நல்வழக்கம். பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகுவோரிடம் இவ்வழக்கம் போதிய அளவு காணப்படவில்லை. அதனால் விளையும் இழப்பையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இங்கே ஆராய்வோம்.

குழுவின் அமைப்பு

ஊரார் ஒன்றுகூடிப் பள்ளியைப் பேணுதல் நமக்குப் புதியதன்று. 1958-ஆம் ஆண்டில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அவ்வழியைப் பின்பற்றிப் பல ஊர்களில் பொதுமக்கள் தம் பள்ளிகளுக்கு வேண்டிய பொருள்களை வழங்கினர். 1-4-2010 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவின் மூலம் மக்களின் இப்பங்கினுக்குச் சட்ட வடிவம் தந்தது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் மகளிராகவும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சி உறுப்பினருக்கும் அதில் இடமுண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில், முன்னாள் மாணவரையும் சேர்த்து, 24 பேர் கொண்ட குழுக்களாக மீண்டும் அமைந்தன.

இரண்டாண்டும் மூன்றாண்டும்

குழுவின் காலம் இரண்டு ஆண்டு. அக்குழு வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் காலமோ மூன்று ஆண்டு. ஆகவே ஒரு குழு விதைத்ததை அடுத்த குழுவே அறுவடை செய்ய நேரிடுகிறது. அன்றியும், பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்ததும் தொடக்கப் பள்ளியோடு பெற்றோரின் தொடர்பும் முடிந்துவிடுகிறது. முன்னாளில் கிராமமாக இருந்து இன்று சென்னை மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட கொடுங்கையூர் போன்ற இடங்களில் இத்தொல்லை பெரிது. மணலி, எண்ணூர் ஆலைகளில் முறைமாற்றிப் பணி செய்வோரும், வாடகைக்குக் குடியிருந்து இடம் மாறுவோரும் அங்கு மிகுதி.

யான் கண்ட ஒரு பள்ளியில், சுற்றுச்சுவர் வேண்டி முந்தைய குழு தீர்மானம் இயற்றி மனுவும் அளித்திருந்தது. மனுவின் படியும் ஒப்புகைச் சீட்டும் பழைய தலைவியின் வீட்டுப் பெட்டியில் கிடந்தன. புதிய குழுவினர் அதனை அறியாது மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். ஓராண்டு வீணாயிற்று, அவ்வாண்டு முழுதும் சிறுவர் சாலையோரத்திலேயே விளையாடினர். இதில் எவரையும் குறைகூற இயலாது. ஒப்படைக்க வேண்டும் என்று அந்த அம்மையாருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

செய்ய வேண்டுவன

1. தீர்மானப் புத்தகம், வரவு செலவுக் குறிப்பு, பொருள் பட்டியல், மனுக்களின் படிகள் ஆகியவை எக்காலமும் பள்ளியிலேயே இருத்தல் வேண்டும்.

2. பழைய குழுவும் புதிய குழுவும் ஒருநாள் சேர்ந்து அமர்ந்து, முடிந்த பணி, நடுவில் நிற்கும் பணி, தொடங்காத பணி என மூன்றாகப் பிரித்து எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிடுக.

3. கணக்கை எல்லோர் முன்னும் படித்துக் காட்டுக. வங்கியில் கையொப்பம் மாற்ற வேண்டியிருப்பின் காலம் தாழ்த்தலாகாது.

4. பதவிக் காலம் முடியுமுன்பே, இளம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சிலரைப் பணிகளில் உடன் அழைத்துச் சென்று பழக்குக.

5. பழைய தலைவர் கேட்டால் வழி சொல்லலாம். கேளாமல் ஆணையிடுதல் தகாது. தலைவியாகத் தேர்வுற்ற தாய்க்குப் பதிலாக அவர் கணவர் கூட்டம் நடத்துவதும் முறையன்று.

ஊராட்சி உறுப்பினர் கடமை

குழு மாறினாலும் ஊராட்சி உறுப்பினர் பெரும்பாலும் தொடர்ந்து இருப்பார். ஆதலின் ஒப்படைப்பு நாளில் அவர் சாட்சியாக அமர்தல் நலம். நிலுவைப் பணிகளின் படி ஒன்றைப் பெற்றுக் கிராம சபையில் படித்தால், ஊரே அதற்குக் காவலாகும். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரும் வரத்தக்க நேரத்தில் கூட்டம் அமையுமாறும் அவர் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பொறுப்பினை ஏற்பதற்கு மாலை அணிவிக்கிறோம். அதனைச் செம்மையாக ஒப்படைத்துச் செல்வோருக்கும் அம்மரியாதையைச் செய்வோமாக.

சிந்தனைக்கு

நும் ஊர்ப் பள்ளியின் தீர்மானப் புத்தகம் இன்று எங்கே உள்ளது? சென்ற குழுவின் கோரிக்கைகளுள் நிறைவேறாதவை எவை? அவற்றை இப்பொழுது அறிந்தவர் எத்தனை பேர்?