கதவோரம் ஒரு துணிப்பை



2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண் சரிந்து 7 பேர் இறந்தனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2021 நவம்பரில், பேரணாம்பட்டில் தொடர்மழையில் வீடு இடிந்து 9 பேர் மவுத்தானார்கள். பச்சைப் பிள்ளைகளும் அதில் உண்டு.

இப்படி ஓர் இரவில் "உடனே வெளியே வாருங்கள்" என்று குரல் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் தேடுவது புர்காவை. கரண்ட் இருக்காது. பீரோவைத் திறந்து, இருட்டில் துழாவி எடுப்பதற்குள் சுவர் காத்திருக்குமா? ஆகவே மழைக்காலம் முடியும்வரை ஒரு புர்காவும் மக்கனாவும் வாசற்கதவின் பின்னால் ஆணியில் தொங்கட்டும். அதுவும் எட்டாவிட்டால் போர்வையோ துப்பட்டியோ, கைக்கு வந்ததைப் போர்த்திக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். உயிருக்கு ஆபத்து வரும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை தருகிறது. இதை வீட்டு ஆண்கள் இப்போதே வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பெண் "அத்தா என்ன சொல்வாரோ" என்று தயங்கி நிற்கக் கூடாது.

தொங்கவிடும் புர்கா கணுக்காலுக்கு மேல் நிற்கும் அளவில் இருக்கட்டும். உள்ளே சுடிதார் பேன்ட் போட்டால் மறைவுக்குக் குறைவில்லை. தரையைத் தொடும் துணி சேற்றில் மிதிபட்டு ஆளைக் கவிழ்க்கும். கைலி கட்டும் ஆண்களுக்கும் இதே கதைதான், பேன்ட் நல்லது. எந்த உடையானாலும் ஓடும் நீரில் இறங்காதீர்கள்.

அடுத்த எதிரி குளிர். ஜமுனாமரத்தூர் பக்கம் டிசம்பர் இரவு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். பருத்தி வெயிலுக்கு அருமை. நனைந்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எளிதில் காயாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முகாமில் அதை உடுத்தியபடி அடுப்பருகே போக வேண்டாம். தடித்த ஒரே உடையைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு மேல். நனைந்ததை உடனே மாற்றுங்கள், முதலில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்.

ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுபோகும். ஆணி, கண்ணாடி, பாம்பு எல்லாம் கிடக்கும் பாதையில் பிள்ளைகளின் பழைய பள்ளி ஷூ போதும்.

பைக்குள் ஆளுக்கு ஒரு செட் உடை, உள்ளாடை, காலுறை, குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, பெண்களுக்கு மாதவிடாய்த் துணி. (இதைக் கேட்க முகாமில் கூச்சப்படுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.) எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள், போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் ஏறாது, மழைக்கு முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

துணி தானம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வந்து குவிந்த பழைய துணிகள் சாலையோரம் கிடந்து மக்கின. வந்தவற்றில் பல அந்த மக்கள் உடுத்தக்கூடியவையே அல்ல. தருவதாக இருந்தால் புதிய உள்ளாடை, நைட்டி, கைலி, போர்வை தாருங்கள். அளவை மேலே எழுதி ஒட்டுங்கள்.